பச்சை காட்டிய பதினேழு வீடுகள்

சுப்பராயலுவின் போனில் கடல் சிவப்பாக இருந்தது. பக்கத்தில் நின்ற பூமாலையின் போனில் அதே கடல் பச்சையாக இருந்தது.

பொம்மையார்பாளையத்துக் கரையில் இன்னும் விடியவில்லை. பூமாலை படகைத் தள்ளத் தோள் கொடுத்துவிட்டான்.

"உன் போனுக்கே பயம் வந்துட்ச்சு மச்சான். நீ வூட்ல போய்ப் படு."

கடல் நிலவரம் சொல்லும் ஆப் அது. நேற்றுவரை எல்லார் போனிலும் ஒரே நிறம்தான் காட்டியது. இரவில் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. சிவப்பு பொய்யென்றால் ஊருக்கு ஒரு நாள் பிழைப்பு போகும். கேலி மட்டும் சுப்பராயலுவுக்கு மிஞ்சும்.

பச்சை பொய்யென்றால்?

கங்கையம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டான். பிறகு கதவுகளைத் தட்ட ஆரம்பித்தான்.

பதினேழு வீடுகளில் பச்சை. ஒருத்தர் திட்டினார். ஒரு வீட்டில் திட்டிக்கொண்டே டீ கொடுத்தார்கள். அவன் யாரிடமும் வாதாடவில்லை.

"உன் பச்சையே சரியா இருக்கட்டும்ப்பா. எனக்காவ இன்னிக்கி ஒரு நாள் இருந்துடு."

எல்லாரும் இருந்துவிட்டார்கள். அவன் சொன்னதை நம்பியல்ல, அவன் முகத்துக்காக. பூமாலைகூட முணுமுணுத்துக்கொண்டே படகை மேலே இழுத்துக் கட்டினான்.

ஒன்பது மணிக்குக் காற்று அடித்தது. கரையில் கட்டியிருந்த படகுகளே ஒன்றோடொன்று மோதி உடைந்தன. ஆட்கள் அத்தனை பேரும் வீட்டில் இருந்தார்கள். பூமாலை வந்து சுப்பராயலுவின் கையைப் பிடித்துக்கொண்டான். ஊர் சேர்ந்து அம்மனுக்குப் பொங்கல் வைத்தது.

பத்து நாள் கழித்து அந்த ஆப்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. மகள் சங்கவி அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"அன்பான பயனாளரே, எச்சரிக்கை உண்மையிலேயே தேவைதானா என்று அறிய, புயல் நாளன்று உங்கள் ஊரில் சிலருக்கு மட்டும் சிவப்பு காட்டினோம். மற்றவர்களுக்குப் பச்சை காட்டினோம். பச்சை பார்த்தவர்களின் போன்களும் நாள் முழுதும் கரையைத் தாண்டவில்லை. எச்சரிக்கை இல்லாமலே நீங்கள் பத்திரமாக இருப்பது இதனால் உறுதியாகிறது. ஆகவே இன்றிரவு முதல் எல்லாருக்கும் பச்சை மட்டுமே காட்டப்படும். ஒத்துழைப்புக்கு நன்றி."