வேண்டாத வரி

“இதை எங்கே பார்த்து எழுதினீர்கள்?”

திரையில் வந்த கேள்வியைப் படித்ததும் அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

அவள் பிறந்த காலத்தில் கொடிகட்டிப் பறந்த கம்ப்யூட்டர் இயங்குதளம் அது. விற்ற கம்பெனி எப்போதோ கைகழுவிவிட்டது. அதைத் தாங்களே புதிதாக எழுதி, யாருக்கும் இலவசமாகத் தரும் குழுவில் நான்கு வருடமாக இருக்கிறாள்.

குழுவுக்கு ஒரே விதி. கம்பெனி எழுதிய மூல நிரலை, அதாவது சோர்ஸ் கோடைக் கண்ணால் பார்த்தவர் இதில் கை வைக்கக் கூடாது. வைத்தது தெரிந்தால், அவர் எழுதிய அத்தனையும் அழிக்கப்படும்.

கேட்டவர் குழுவின் சரிபார்ப்பவர். மூலத்தைப் பார்க்க அவருக்கு மட்டும் அனுமதி. அதனாலேயே எழுத அனுமதி இல்லை. அவளுடைய நாற்பது வரிகள் அப்படியே மூலத்தில் இருக்கின்றனவாம். ஓர் எண்ணைப் பதினேழாக்கி, அடுத்த வரியிலேயே பூஜ்ஜியமாக்கும் அந்த வேண்டாத வரி உட்பட.

அதை ஏன் எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது. கை போனது, எழுதினாள்.

கல்லூரியில் முதல் மதிப்பெண் வாங்கியபோதும் இதே கேள்விதான். யார் எழுதிக் கொடுத்தது?

“கூட்டிப் பெருக்குறவர் மக சொந்தமா யோசிக்கக் கூடாதா? நான் காப்பி அடிச்சேனாம்மா!”

அம்மா ஈரக் கையோடு வந்தாள். “எவன்டி அவன்? நீ எழுதி எழுதிக் கை வீங்கினது அவனுக்குத் தெரியுமா?”

அம்மாவே சான்றிதழ்கள் இருந்த பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பழைய நோட்டை உருவினாள்.

அப்பா வேலை பார்த்தது ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில். எந்தக் கம்பெனி என்று அவள் கேட்டதே இல்லை. அங்கே கசக்கி எறிந்த தாள்களை நீவி எடுத்து வருவார். இங்கிலீஷ் தாளாம், பார்த்து எழுதினால் கையெழுத்து வருமாம். எட்டு வயதில், தினம் ஒரு பக்கம்.

அவள் நோட்டைப் பிரித்தாள்.

குண்டு குண்டான எழுத்தில், பத்து முறை. பதினேழு. பூஜ்ஜியம். பதினேழு. பூஜ்ஜியம்.

ஒவ்வொன்றின் பக்கத்திலும், ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாத அப்பா போட்ட சிவப்பு டிக்.

அப்பா கொண்டுவந்தது அந்தக் கம்பெனியின் மூலத்தைத்தான்.

“போட்டோ எடுத்து அனுப்புடி,” என்றாள் அம்மா. “அதோட வாய மூடட்டும்.”

போனை எடுத்தாள். முதல் படம் கலங்கிவிட்டது.

இரண்டாவது தெளிவாக வந்தது. டிக்குகள் உட்பட.