பத்தாவது நிறுத்தம்

எதிரே ஆள் நின்றால் லாரி தானாகவே பிரேக் போட வேண்டும். இதுதான் பானுப்பிரியாவின் ஆறு வருட ஆராய்ச்சி. பத்துக்குப் பத்து தடவையும் நின்றால்தான் ரோட்டில் விட அனுமதி. “ஒம்பதுக்கு முடிச்சிருவோமே” என்று பேரம் பேசிப் பார்த்தேன். அந்தப் பெண் மசியவில்லை. சோதனைக்கு வந்த லாரி என்னுடையது. என் வாய் அதைவிடப் பெரியது.

காலையிலேயே மம்சாபுரம் பொட்டலில் ஆள் உயர ரப்பர் பொம்மையை இரும்புத் தட்டில் நிறுத்தி, போல்ட் போட்டு முடுக்கினோம். டிரைவர் சீனிச்சாமி அதன் வலது கையை மேலே தூக்கிவிட்டான்.

“நம்ம ரோட்டுல லிப்ட் கேட்டுக் கை காட்டாம எவன் மொதலாளி நிப்பான்?”

பெடலைத் தொடாமலே ஒன்பது தடவை நின்றது லாரி. எனக்கே விசிலடிக்கத் தோன்றியது. பத்தாவது தடவையும் அதே கோட்டில் நின்றது.

“பத்துக்குப் பத்து அண்ணாச்சி!” பானுப்பிரியா குதித்தாள். “இனி பஸ்ஸுக்கும் மாட்டிரலாம்!”

புழுதி அடங்கியது. லாரிக்கு முன்னால் இரும்புத் தட்டு மட்டும் கிடந்தது. போல்ட்டுகள் முடுக்கியபடியே இருந்தன.

“ஏலே, பொம்மைய இடிச்சிட்டியா?”

“இல்ல மொதலாளி, அழகாத்தான நின்னுச்சு.”

அப்போது கேபினில் அலாரம் கத்தியது. இடதுபக்க சீட்டில் உட்கார்ந்தவர் பெல்ட் போடாவிட்டால் கத்துகிற அலாரம். அந்த சீட் காலியாக இருந்தது.

‘க்ளிக்’ என்றது. அலாரம் ஓய்ந்தது.

லாரி மெல்லக் கிளம்பியது. சீனிச்சாமியின் இரண்டு கைகளும் அந்தரத்தில் இருக்க, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஏறுவதற்கு அது இண்டிகேட்டர் போட்டது.