ஹென்றி துரைக்குத் தெளிந்ததா?

செல்லாயி அன்றைக்கும் வந்துவிட்டாள். தலை நிறையப் பூ, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கண் மட்டும் கொட்டகை வாசலில் ஒட்டியிருந்த வெள்ளைக்காரன் படத்தை விட்டு நகரவில்லை.

“அக்கா வந்தாச்சு லா, ராமையாண்ணே,” என்று டிக்கெட் கிழிக்கும் ஐயாவு கண்ணடித்தான். “அந்தத் தொர மேல அப்படி ஒரு மயக்கம்!”

ராமையாவும் சிரித்துக்கொண்டான். மலாயாவின் ஈப்போவில் அந்தப் பயாஸ்கோப் கொட்டகைக்கு அவன்தான் வாய். படம் பேசாது, எழுத்தெல்லாம் இங்கிலீஷ். கையில் குச்சியோடு திரையோரம் நின்று, அவன் தமிழில் சொன்னால்தான் தோட்டத்துச் சனங்களுக்குக் கதை புரியும்.

இந்த முறை வந்திருந்தது திகில் படம். பகலில் சாதுவாக இருக்கும் கணவன், இருட்டியதும் கத்தியோடு படியேறி மனைவியின் அறைக்கதவைத் தட்டுவான். அவன் கைப்பிடியைத் திருகும்போது ராமையா வேண்டுமென்றே பேச்சை நிறுத்திவிடுவான். முன்வரிசைப் பெண்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

ஆனாலும் முதல் நாள் பாதிக் கொட்டகை காலி. மறுநாள் ராமையா வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டான்.

“பைத்தியமா நடிக்கிறாரே ஹென்றி தொர, இவரு சாதாரண ஆளு இல்ல! இந்த வேஷம் போட்டுப் போட்டே இவருக்கு நெஜமாவே பித்துப் புடிச்சிருச்சு! இப்போ லண்டன் ஆஸ்பத்திரியில கட்டிப் போட்டிருக்காங்க!”

அவ்வளவுதான், கொட்டகை பிதுங்கியது. முதலாளி வயிரவன் செட்டியாருக்குத் தலைகால் புரியவில்லை. “அதை மட்டும் விட்டுடாதப்பா, தெனமும் சொல்லு,” என்றார்.

அதைக் கேட்டதிலிருந்துதான் செல்லாயி இப்படி ஆனாள். வேலை முடிந்ததும் லகாட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நடந்தே வந்துவிடுவாள். படத்தைக்கூட முழுதாகப் பார்ப்பதில்லை. ராமையாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போவாள்.

இன்றும் பழத்தை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஹென்றி தொரைக்குத் தெளிஞ்சிருச்சாண்ணே?”

“கப்பல்ல சேதி வரணும் தங்கச்சி,” என்றான் ராமையா, வழக்கம்போல. ஐயாவு பார்க்கிறான் என்ற உற்சாகத்தில் வாய் கொஞ்சம் நீண்டது. “ஏம்மா, நீ இப்படித் தொரைக்காக உருகுறது வூட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“அவரு தஞ்சோங் ரம்புத்தான்ல இருக்காருண்ணே.”

பேராக் வட்டாரத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். பைத்தியக்கார ஆஸ்பத்திரி. ஐயாவுவின் முகத்தில் ஈயாடவில்லை.

செல்லாயி தலையைக் குனிந்தபடி சொன்னாள். தோட்டத்துக் கங்காணி ஒருநாள் இவள் கையைப் பிடித்து இழுத்தான். புருஷன் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த கத்தியோடு ஓடி வந்தான். கங்காணி பிழைக்கவில்லை. புத்தி பேதலித்தவன் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டதால் தூக்கு இல்லாமல் போனது.

“தெளிஞ்சா வூட்டுக்கு அனுப்ப எழுதுறேன்னு டாக்டர் தொர சொல்லியிருக்காரு. தெளியணுமே அண்ணே.”

இப்படிப்பட்டவளையா கேலி பேசினோம் என்று ராமையாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

“மனச வுட்டுறாத தங்கச்சி. எனக்குத் தெரிஞ்ச மலாய்க்கார பொமோ ஒருத்தரு இருக்காரு, நல்லா மந்திரிப்பாரு. மாரியம்மன் கோயில்லயும் காசு முடிஞ்சு வை.”

“அதெல்லாம் சாதாப் பைத்தியத்துக்குண்ணே.” அவள் பிடிவாதமாகத் தலையாட்டினாள். “ஹென்றி தொரைக்கு என்ன மருந்து குடுக்குறாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. எம்புருசனுக்கு அந்த மருந்துதான் வேணும்.”

பாவம், வெள்ளைக்காரன் மருந்தென்றால் எல்லாம் தீரும் என்று நம்புகிறாள். இல்லாத நோய்க்கு இல்லாத மருந்தைக் கேட்டு இந்தப் பெண் இன்னும் எத்தனை நாள் நடப்பாள்? ராமையாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. செட்டியார் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

“தங்கச்சி, என்னய மன்னிச்சிரு. அது பொய்ம்மா. கூட்டம் சேக்குறதுக்கு நானா கட்டி வுட்ட கத. அந்தத் தொரைக்கு ஒரு நோயும் இல்ல. மொகத்துப் பவுடரத் தொடச்சிட்டு வூட்டுக்குப் போயி, பொண்டாட்டி புள்ளைங்களோட சாப்புடுற மனுசன்.”

செல்லாயி அவனையே பார்த்தாள்.

“அப்ப, பைத்தியமா நடிச்சா பைத்தியம் புடிக்காதா?”

“எங்கயாச்சும் நடக்குமா? நடிப்பு வேற, நெசம் வேற.”

அவளுக்கு ஒரு பாரம் இறங்கும் என்று ராமையா நினைத்திருந்தான். அவளோ கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே படம் போடச் சொல்லி விசில் பறந்தது. ராமையா நகரவில்லை.

“தூக்குல போட்டுருவாங்களேன்னு, பைத்தியமாட்டம் நடிக்கச் சொல்லி அவருக்கு நாந்தாண்ணே சொல்லிக் குடுத்தேன்,” என்றாள் செல்லாயி. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப என்னையே யாருன்னு கேக்குறாரு.”