உடலற்ற செயற்கூறு

ஆகஸ்டு 2, சனிக்கிழமை. பல்லடத்தில் வானம் மேகமூட்டம். மழை இல்லை. மேற்கிலிருந்து பலத்த ஆடிக்காற்று.

கணினிப் பயிற்சி வகுப்பில் அவர் முன்னிருந்த திரையில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி நின்றது.

அவர் அதை வாய்க்குள் மீண்டும் படித்தார். செய்தி மாறவில்லை.

நிரல் எழுதுவதில் மரபுரிமம் எனப்படுவது, ஓர் அடிப்படை இனக்குழுவின் பண்புகளையும் செயற்கூறுகளையும், அதிலிருந்து தருவிக்கப்படும் இனக்குழு பெற்றுக்கொள்ளும் முறை ஆகும். இனக்குழு எனப்படுவது, ஒரே வகைப் பொருள்களுக்கான வார்ப்பு, ஆங்கிலத்தில் கிளாஸ்; செயற்கூறு எனப்படுவது, அது செய்ய வல்ல செயல். எளிமையாகக் கூறின், பெற்றோரிடம் உள்ளது பிள்ளைக்கும் கிடைக்கும்.

இவ்வளவும் அவருக்கு ஐயமின்றி விளங்கியிருந்தது.

பாடநூலின் எடுத்துக்காட்டு வாகனம். அவர் அதை ஏற்கவில்லை. விசைத்தறிப் பட்டறை நடத்துபவர் தம் எடுத்துக்காட்டைத் தாமே தேர்ந்தார். 'தறி' என்று ஓர் அடிப்படை இனக்குழு. அதிலிருந்து, வெளுக்காத காடாத் துணிக்குக் காடாத் தறி, துண்டுக்குத் துண்டுத் தறி என இரண்டு.

சிக்கல் அருவ இனக்குழு என்னும் பாடத்தில் எழுந்தது.

அருவ இனக்குழுவில் செயற்கூற்றின் பெயர் மட்டும் இருக்கலாம். உடல் இராது. எவ்வாறு செய்வது என்பதைத் தருவிக்கப்பட்ட இனக்குழுவே எழுத வேண்டும்.

அவரால் அவ்விடத்தை வெறுமையாக விட இயலவில்லை.

'நெய்' என்று பெயரிட்டார். கை தானாக அடைப்புக்குறியைத் திறந்தது. எவ்வாறு நெய்வது என்பதையும் அவரே எழுதி முடித்தார். பிழைச் செய்தி சுட்டியது அதைத்தான்.

சென்ற வாரமும் அவ்வாறே நிகழ்ந்தது.

பயிற்றுநர் லோகேஸ்வரி பின்னால் வந்து நின்றார். இவருடைய மகளைவிடச் சில வயதே மூத்த பெண்.

"மறுபடியும் உள்ளார எழுதிப்போட்டீங்களா சார்?"

"வெறும் பேரை மட்டும் வெச்சா அரைகுறையா நிக்குதுங்க மேடம்."

"நிக்கட்டும் சார். பேரை வெச்சு, ஒரு செமிகோலனப் போட்டுட்டு, நீங்க எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருங்க. மிச்சத்த அதுங்க பாத்துக்கும்."

பக்கத்து இருக்கையில் யாரோ சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

தெரியவில்லை என்னும் சொல்லை அவர் இவ்வகுப்பில் இதுவரை கூறியதில்லை.

பன்னிரண்டாம் வகுப்புடன் படிப்பு நின்றவர். ஐம்பது கடந்தபின் இங்குச் சேர்ந்தார். நோக்கம் ஒன்றே. மகள் கனிஷ்கா கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கத் தொடங்கும் நாளில், பாடத்தில் அவளுக்கு ஓர் அடி முன்னால் தாம் நிற்க வேண்டும்.

பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்ப வரிசையை நேற்று அவரே இணையத்தில் நிரப்பினார். கல்லூரிகள் வேறு வேறு. பாடம் எல்லாவற்றிலும் ஒன்றே. கனிஷ்கா அருகில் அமர்ந்திருந்தாள். ஒன்றும் கூறவில்லை.

அதை இசைவு என அவர் கொண்டார்.

கைபேசி அதிர்ந்தது.

"அப்பா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க."

"எதுக்கு கண்ணு? நேத்தே எல்லாம் போட்டாச்சே."

"மாத்தியிருக்கேன்."

"என்னன்னு?"



"சொன்னா நீங்க பேசுவீங்க. பேசுனா நான் சரின்னு சொல்லிருவேன். அஞ்சு மணிக்கு மூடிருவாங்கப்பா."

குறுஞ்செய்தியைத் திறந்தார். ஆறு இலக்கங்கள்.

அவற்றைக் கூறாவிடில் அவள் செய்த மாற்றம் பதிவாகாது. ஐந்து மணிக்கு நேற்றைய வரிசை தானாகவே உறுதியாகிவிடும். அதற்காக அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

பேசாமல் இருந்தால் போதும்.

நேற்று மகள் செய்ததும் அதுவே.

காற்றில் சன்னல் கதவு அடித்துக்கொண்டது. யாரோ எழுந்து சென்று கொக்கியை மாட்டினார்.

மேசைமேல் பாடநூல் திறந்திருந்தது. அவள் படிக்கப்போகும் பக்கங்களின் ஓரத்தில், அவளுக்கென்று, பென்சிலால் அவர் எழுதிய விளக்கங்கள்.

நூலை மூடினார்.

இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். வகுப்பில் வரையறைகளை ஒப்பிக்கும் அதே குரல்.

"இன்னொருக்கா சொல்லட்டுமா கண்ணு?"

"வேண்டாம்ப்பா. ஆயிருச்சு."

அவள் வைக்கவில்லை. கேட்பார் என்று காத்திருந்தாள் போலும்.

அவர் கேட்கவில்லை.

"சரி கண்ணு. வெச்சர்றேன்."

விசைப்பலகையை அருகில் இழுத்தார். 'நெய்' என்பதன் கீழ் இருந்த வரிகளை அழித்தார். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி. பின்னர் இரண்டு அடைப்புக்குறிகளையும். ஓர் அரைப்புள்ளி இட்டார்.

இயக்கினார்.

பிழைச் செய்தி மறையவில்லை. இடம் மாறியிருந்தது. இப்போது அது 'தறி'யில் இல்லை. காடாத் தறியிலும் துண்டுத் தறியிலும் நின்றது. நெய்வது எவ்வாறு என்பதை அவை இரண்டும் இன்னும் எழுதவில்லை.

தொலைபேசிப் பேச்சைக் கேட்டிருந்த லோகேஸ்வரி குனிந்து திரையைப் பார்த்தார்.

"இதுதான் சார் சரியான தப்பு."

அவர் தலையசைத்தார்.

"பாப்பா கடைசில என்னதாஞ் சார் எடுத்திருக்கு?"

"தெரியலீங்க மேடம்."

மாலை 4 மணி 53 நிமிடம்.