யீ கேட்ட படம்

"நிறுத்துங்கோ! அந்தப் படத்தைத் திரும்பப் போடுங்கோ!"

அலமு போட்ட சத்தத்தில் டாக்டர் ரகுநாதனின் விரல் ப்ரொஜெக்டர் பொத்தானிலேயே நின்றுவிட்டது. மாலையில் விருந்தாளிகள் வருவதற்குள் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று, ரொக்ஸ்பரோ புறநகர் வீட்டின் திரைகளை எல்லாம் இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர்கள் குழுவோடு இருபது நாள் சீனச் சுற்றுலா போய் வந்தவர். பெருஞ்சுவர், லீ நதியில் படகு, பெய்ஜிங்கில் பன்னிரண்டு பதார்த்தத்தோடு விருந்து என்று அதுவரை எல்லாம் ஜோராகத்தான் ஓடியது.

படம் மறுபடி சுவரில் விழுந்தது. ஓட்டு வீடு. வாசலில் மூங்கில் புதர். அதன் முன்னால் டாக்டர்கள் தேநீர்க் கோப்பையும் கையுமாக நின்றார்கள்.

"இது எந்த ஊர்?"

"ஹாங்சௌ. தேயிலைத் தோட்டம்."

"இந்த வீட்டைத்தானே தனியா எடுத்து, உங்க வீடுன்னு யீகிட்ட கொடுத்தேள்?"

ரகுநாதனின் விரல் அடுத்த படத்துக்கான பொத்தானைத் தேடியது.

யீ, அதே நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் சலவைக்கடை வைத்திருக்கும் சீனக் கிழவர். கடைசியாக ஊருக்குப் போய் வந்து நாற்பது வருஷமாகிறது. ரகுநாதன் புறப்பட்டபோது, காண்டன் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, தன் வீட்டை ஒரே ஒரு படம் எடுத்து வந்தால் போதும் என்று கேட்டிருந்தார்.

"காண்டன்ல டூர்காரன் ஒரு நாள் பூரா உங்க இஷ்டத்துக்கு விட்டானாமே. அன்னிக்கு எங்க போனேள்?"

"பட்டுக் கடைக்கு. உனக்காகத்தான் அலமு. வழிகாட்டியும் கிராமத்துக்கெல்லாம் விடமாட்டான்..."

"கேட்டுப் பாத்தேளா?"

கேட்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அலமுவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், மறுநாள் வேலைக்கான நேர்காணல் என்றதும் ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்த மனிதர் அவர். அவருக்கா இந்தத் துரோகம்? கணவர் வாங்கி வந்த நீலப் பட்டைச் சுருட்டி அவர் மடியிலேயே எறிந்தாள்.

"படத்தை ரெண்டு கையாலயும் வாங்கிண்டு தேம்பித் தேம்பி அழுதாரே அந்த மனுஷர்! நான் பக்கத்துல நின்னேனே! எழுந்திருங்கோ."

"எங்கே?"

"உண்மையைச் சொல்ல. இல்லேன்னா சாயங்காலம் வரப்போறவா அத்தனை பேர்கிட்டேயும் நானே சொல்லிடுவேன்."

வழி நெடுக அவள் வாய் ஓயவில்லை. கடைக்குள் நீராவியும் கஞ்சி வாசனையுமாக இருந்தது. ரகுநாதன் தலையைக் குனிந்துகொண்டு, ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கிழவர் நொறுங்கிப் போய்விடுவாரோ என்று அலமு பயந்தாள்.

யீ இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, உள்ளறைத் திரையை விலக்கினார்.

சுவரில் சட்டம் போட்ட ஏழு படங்கள் வரிசையாகத் தொங்கின. ஏழிலும் ஏழு விதமான வீடு. முதலில் மாடி வீடு, அடுத்தது கூரை வீடு. கடைசியில் மூங்கில் புதர் வீடு.

"எல்லாமே என் வீடுதான்" என்றார் யீ, தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில். "சீனா போய்வந்த வாடிக்கைக்காரர்கள் கொண்டுவந்தவை. திரும்பி வந்து உண்மையைச் சொன்னது நீங்கள் மட்டும்தான்."

"தெரிந்தேவா வாங்கிக்கொண்டீர்கள்?" அலமுவால் நம்ப முடியவில்லை.

"வெள்ளத்தில் வீடு போய் முப்பது வருஷமாகிறது. அந்தச் செய்தியோடு ஊரிலிருந்து வரும் கடிதமும் நின்றுவிட்டது. நிஜமாகவே அங்கே போகிறவர், வீட்டைக் காணாமல் நாலு பேரை விசாரிப்பார். அந்த வீட்டிலிருந்த என் மனைவி என்ன ஆனாள் என்று தெரிந்துகொண்டு வருவார். இவரும் போகவில்லை என்று புரிந்துதான் அன்று அழுதேன்."

"அதை நேரடியாகவே கேட்டிருக்கலாமே!" அலமு கத்தியே விட்டாள்.

யீயின் கண்களில் அப்போதுதான் கோபம் தெரிந்தது.

"கேட்டிருந்தால், நீங்கள் ஏழு பேருமே 'சௌக்கியமாக இருக்கிறாள்' என்றல்லவா வந்து சொல்லியிருப்பீர்கள்!"