கூடத்து மெய்விளக்கு

சிவசைலம் இறந்த பிறகும், அவர் ஆசையாக வாங்கி மாட்டிய மெய்விளக்கு பாளையங்கோட்டை வீட்டுக் கூடத்தில் எரிந்துகொண்டுதான் இருந்தது. உண்மை பேசினால் பச்சை, பொய் பேசினால் சிவப்பு. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

"அண்ணாச்சி குணத்துல தங்கம்லா," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சிவப்பு.

"சரி, கோவக்காரர்தான். ஆனா கூப்பிட்ட குரலுக்கு வந்து நிப்பாரு."

பச்சை. அந்தத் துக்கத்திலும் அவர் மனைவி செண்பகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள், மகன் தர்ஷன் அவளை ஓசூருக்குக் கூப்பிட்டான். அவளுக்கும் தனியாக இருக்கப் பயம்தான். மனசாரத்தான் கூப்பிடுகிறானா என்பது மட்டும் தெரிய வேண்டும். அதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

"நீ வந்தா எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லம்மா," என்றான் அவன்.

சிவப்பு எரிந்தது. பிள்ளையின் முகம் வெளுத்துப்போனது. அவன் தலைகுனிந்து நிற்பதைச் செண்பகத்தால் பார்க்க முடியவில்லை.

"அது கெட்டுப்போச்சுல. எது சொன்னாலும் சிவப்புதான் எரியுது," என்றாள் அவசரமாக.

அதற்கும் சிவப்பு எரிந்தது. இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள்.

"கொஞ்சம் கஷ்டம்தாம்மா. ஆனாலும்..." என்று அவன் தொடங்கினான். செண்பகம் எழுந்துபோய் விளக்கை அணைத்தாள்.

"இப்ப சொல்லுல."

"நீ வரணும்மா."

அவள் சேலைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.