ஒட்டிக்கொண்ட சர்க்கரை

"நோயாளிங்களோட ஒப்பிட்டுப் பாக்கத்தான் நல்லா இருக்கிறவங்க ரத்தத்தை எடுத்தோம். இந்த ஏழாம் நம்பர்ல மட்டும் ஏன் சர்க்கரை இப்படிக் கொட்டிக் கிடக்கு?"

கேட்டவர் ஆய்வகத் தலைவர். சட்டென்று பொரிந்து தள்ளுவதால் எல்லாருக்கும் அவர் 'கடுகு சார்'.

"மெஷின் சரியாத்தான் இருக்கு சார்," என்றாள் சோதனை செய்த பெண்.

"அப்போ மெஷினுக்குள்ள சர்க்கரையைப் பிரிக்க மாட்டின புதுக் குழாய் காலை வாரியிருக்கும்."

"பழைய குழாய்ல சர்க்கரை ஒட்டாம தண்ணியோட ஓடிடும்னு நீங்கதானே இதை மாட்டச் சொன்னீங்க? இது பிடிச்சு நிறுத்துது. இதே மாதிரி இன்னொரு குழாய் மாட்டியும் பாத்துட்டேன். அதே அளவுதான்."

அவர் தண்ணீர் பாட்டிலைக் கடகடவென்று காலி செய்தார். "அப்போ அந்த ஆள் வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வந்து கையை நீட்டியிருக்கான்."

"வெறும் வயிறுதான் சார். நான்தான் எடுத்தேன். எடுத்த கையோட ஐஸ்ல வச்சேன்."

"எல்லாம் நம்ம ஆபீஸ் ஆளுங்கதானே? உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டு உள்ள இவ்ளோ வச்சிருக்கான் பாரு. தன் உடம்பு மேலயே அக்கறை இல்லாத ஜென்மம். இன்னைக்கே டாக்டரைப் பாக்கச் சொல்லு. முரண்டு பிடிச்சா, நான் சொன்னேன்னு சொல்லு."

"நீங்க முரண்டு பிடிக்க மாட்டீங்கன்னு நம்பித்தான் வந்தேன் சார்," என்றாள் அவள் மெதுவாக. "உங்க வீட்டு மேடத்துக்கும் போன் பண்ணிட்டேன். கீழ கார்ல காத்திருக்காங்க."

கடுகு சார் பொரியவில்லை. பேச வாயெடுத்தார், நாக்கு வறண்டிருந்தது. காலி பாட்டிலை நோக்கி நீண்ட கை பாதியிலேயே நின்றது.